ரக்ரருக்கு ஹீற்றர் எடுத்த அன்ரி

முதலிலையே சொல்லிப்போடுறன். அந்த அன்ரியின்ரை வாயிலை இருந்து "இல்லை" எண்ட சொல் வந்து நான் கேட்டது கிடையாது, ஒரே ஒருக்கால் தவிர. "தெரியாது" வராது. "ஏலாது" வரவே வராது. எங்களோடை எண்டால் "ஓம்". இத்தாலியரோடை எண்டால் "ஸி", அது அவங்கட ஓம். நீங்கள் கேள்வியைக் கேட்டு முடிக்க முதலே ஓம் வந்து வாசல்லை நிக்கும்.

பேர் சொல்லமாட்டன். சொன்னால் பலெர்மோவிலை எங்கட ஆக்கள் இருக்கிற ஒரேத்தோத் தெருவிலை பாதிச் சனத்துக்கு ஆளைத் தெரியும். மற்றப் பாதி அவவிட்டை வழி கேட்டு ஏமாந்த சனம்.

பகிடி இல்லை. ஊரிலை இருந்து புதுசா வந்த ஒரு பெடியன், பாவம், ஒரு நாள் விடிய அவவைக் கண்டு, "அக்கா, பெர்மெஸ்ஸோ விசாவுக்கு நிக்கிற வரிசை இதுவோ" எண்டு கேட்டிருக்கிறான். "ஓம் தம்பி, இதுதான்." பெடியன் மத்தியானம் மட்டும் நிண்டான். கவுண்டருக்குக் கிட்டப் போனால் அது ஞாயிற்றுக்கிழமைப் பந்து விளையாட்டுக்கு ரிக்கெற் விக்கிற வரிசை. விசாவுக்கு வெளிக்கிட்ட பெடியன் கையிலை ரிக்கெற்றோடை வந்து, அன்ரியும் எங்களோடை இருந்த எங்கட வீட்டு வாசல்லை நிண்டு அழாக்குறை. அன்ரி என்ன சொன்னவ தெரியுமோ? "வரிசை வரிசைதானே தம்பி. நிண்டு பழகிட்டாய்."

எனக்கு அவவிலை பாசமோ பயமோ எண்டு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது.

அவ வேலை எடுத்த கதையும் அப்பிடித்தான். பொலிதேயாமாப் பக்கம் ஒரு பழைய பெரிய வீடு, அதுக்குள்ளை ஒரு வயசுபோன சிஞ்ஞோரா, வீட்டுக்காரி அம்மா. நான் அப்ப யூனிவேர்சிற்றியிலை மொழி படிச்சுக்கொண்டு வாய் காட்டித் திரிஞ்ச காலம். மொழிபெயர்க்க எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனவ. எனக்கு அங்கை வேலையே இல்லை.

"சமைப்பியோ?" "ஸி." "அவணிலை வேக வைக்கிற பாஸ்தா?" "ஸி." "எனக்கு ஒவ்வொரு நாளும் வயித்திலை ஊசி போடவேணும். போடுவியோ?" "ஸி."

படியாலை இறங்கேக்கை கேட்டன். "அன்ரி, நீங்கள் எப்ப ஊசி போட்டனீங்கள்?"

"நான் எங்கை பிள்ளை போட்டனான். நாளைக்குத்தான் முதல் முதல் போடப்போறன்."

எனக்குக் கால் படியிலை தட்டிப்போட்டுது. அண்டு பின்னேரம் எங்கட குசினி மேசையிலை ஒரு கத்தரிக்காய் படுத்திருக்குது, அன்ரி தண்ணி நிரப்பின ஊசியோடை அதுக்கு மேலை குனிஞ்சு நிக்கிறா. குத்திப்போட்டுக் கத்தரிக்காயிட்டையே கேக்கிறா, "நொந்ததோ?" கை துளியும் நடுங்கேல்லை. அடுத்த கிழமை சிஞ்ஞோரா எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லுறா, பலெர்மோவிலையே இவளுக்குத்தான் மெல்லிய கையாம்.

"அன்ரி, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லலாம்தானே."

"தெரியாது எண்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவினம். ஓம் எண்டால் எனக்கு ஒரு ராத்திரி கிடைக்கும் பழக."

சரி, இனி ரக்ரர் கதை.

சிஞ்ஞோராவுக்கு ஒரு மகன், அவுக்காத்தோ, அதாவது வக்கீல். கோட்டுச்சூட்டு, வாசனைத் தண்ணி, வாய் நிறையச் சட்டம். அவையளுக்கு மதோனியே மலையிலை ஒரு வீடும் கொஞ்சம் தோட்டமும். பலெர்மோவிலை பனி கொட்டுது எண்டால் சிரிப்பினம், ஆனால் காரிலை ரண்டு மணித்தியாலம் மேலை ஏறினால் உண்மையான ஸ்நோ, முழங்கால் மட்டும். வீட்டிலை இருந்து தெருவுக்கு இறங்கிற பாதை அடைபட்டுப் போகும். அந்தப் பனியைத் தள்ள எண்டு அவுக்காத்தோ துறைமுகத்திலை ஒரு சின்ன ரக்ரர் வாங்கினார். ஜப்பானிலை ஓடித் தேஞ்சு, கப்பல்லை வந்தது. முன்னுக்குப் பனி தள்ளுற தகடு. மேலை ஒட்டின எழுத்து முழுக்க ஜப்பான் எழுத்து. எங்கட ஊர் உழவு மிசினுக்குத் தம்பி மாதிரி ஒரு சாமான்.

வெய்யிலுக்கை நல்லா ஓடும். குளிருக்கை செத்த பிணம்.

தை மாசத்திலை சிஞ்ஞோராவின்ரை செத்துப்போன புருசனுக்குப் பூசை, அந்த மலைக் கிராமத்து வேதக்கோயில்லை. மனுசி அதுவரைக்கும் ஒரு வருசமும் விட்டதில்லை. ரக்ரர் வாங்கின முதல் வருசமே அது ஸ்ராட் வராமல் பாதை திறபடேல்லை, பூசை போச்சு. அதுக்குப் பிறகு மனுசி மகனோடை மாசக்கணக்காக் கதைக்கேல்லை. சொத்தெல்லாம் மனுசியின்ரை பேரிலை. அவுக்காத்தோ ஆடிப்போனார். விவசாயச் சாமான் கடையிலை போய் எஞ்சினைச் சூடாக்கிற ஹீற்றர் இருக்கோ எண்டு கேட்டால், கடைக்காரன் ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சானாம், சிசிலியிலை எஞ்சினுக்குக் கம்பளி கேக்கிறார் எண்டு.

அந்த வெக்கத்தோடை வீட்டை வந்து அன்ரியிட்டைக் கேட்டார். "உனக்கு இந்த ஹீற்றரைப் பற்றித் தெரியுமோ?"

"ஸி."

"எது நல்லதெண்டு எடுத்துத் தருவியோ?"

"ஸி."

அப்பத்தான் அவர் அந்த வாக்கைக் குடுத்தது. "பூசையண்டு காலமை அந்தச் சனியன் ஸ்ராட் வந்தால், உன்ரை மகளைக் கூப்பிடுற அலுவலுக்கு நானே உன்னோடை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு வாறன். வேலை, இருக்க இடம், எல்லாத்துக்கும் கையெழுத்து."

அவர் பகிடிக்குச் சொன்னாரோ என்னவோ. அன்ரி பகிடியா எடுக்கேல்லை. அவவின்ரை மகள் ஊரிலை, தமக்கை வீட்டிலை. சின்னனிலை விட்டுட்டு வந்தது. அந்தக் கையெழுத்துக்காக எத்தினையோ பேரின்ரை வாசல் ஏறி இறங்கினவ. நான் மகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் கதையை மாத்துவா.

வியாழக்கிழமை அரைநாள் லீவு. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட ரெலிபோன் எடுக்கிற கடை. அன்ரி என்னையும் அந்தக் கூண்டுக்குள்ளை அடைச்சுக்கொண்டு கனடாவிலை இருக்கிற தன்ரை தம்பிக்கு அடிச்சா. அங்கை குளிருக்கை எல்லாக் காரும் மூக்காலை வயர் தொங்கவிட்டபடிதானாம் நிக்கும். ராவிலை சுவரிலை குத்தி விடுறதாம், மாட்டுக்கு வைக்கல் போடுற மாதிரி.

"மூண்டு வகை இருக்கக்கா," எண்டு தம்பி. "ஒண்டு, எஞ்சின் பக்கத்திலை வட்டமா ஒரு தகட்டு மூடி இருக்கும், அதைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டைக்குள்ளை பூட்டுறது. உள்ளுக்கு ஓடுற தண்ணியை நேர சூடாக்கும். அதுதான் திறம். ரண்டாவது, காந்தம். அடியிலை எண்ணெய் நிக்கிற தட்டிலை ஒட்டி விடுறது. மூண்டாவது, ரேடியேற்றருக்குப் போற றபர் குழாயை வெட்டி நடுவிலை பூட்டுறது. உங்களுக்கு எது வேணும்?"

"ஓம்," எண்டா அன்ரி.

"எது எண்டு கேட்டனான் அக்கா."

"திறமானது."

அப்ப மூடியின்ரை அளவு வேணும், மயிரிழை பிசகக்கூடாது எண்டான் தம்பி. அளவு எடுப்பீங்களோ? ஓம். என்னத்தாலை? அன்ரி அந்த ஞாயிறு மலைக்குப் போகேக்கை ரொட்டிக்குக் குழைச்ச மா ஒரு உருண்டை கொண்டுபோய் மூடியிலை வைச்சு அமத்தி, அச்சு எடுத்துக்கொண்டு வந்தா. லேஞ்சித் துணியிலை சுத்தி, குழந்தைப்பிள்ளை மாதிரி மடியிலை வைச்சு. வந்த அண்டு நான் அடிமட்டத்தாலை அளந்தன், ஒரு அளவு. வியாழன் அளந்தன், வேறை அளவு. மா காய்ஞ்சு சுருங்கிப் போச்சு.

ரெலிபோனிலை தம்பிக்குச் சொன்னம். "அக்கா, நீங்கள் ரொட்டியையோ அளந்தனீங்கள்?"

"ஓம்."

முதலாவது வகை சரி. அதாவது, சரிவராது.

ரண்டாவது, காந்தம். சிஞ்ஞோராவின்ரை பிரிஜ்ஜிலை பலெர்மோவின்ரை காவல் புனிதை சந்தா ரொசாலியா படம் போட்ட ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அன்ரி அதைச் சட்டைக்குள்ளை செருகிக்கொண்டு மலைக்குப் போய், ரக்ரருக்குக் கீழை சரிஞ்சு படுத்து எண்ணெய்த் தட்டிலை ஒட்டினா. நான் பக்கத்திலை குந்தியிருக்கிறன். கையை எடுத்தவுடனை சந்தா ரொசாலியா முகங்குப்புறச் சேத்துக்கை. திருப்பி வைச்சா. திருப்பி விழுந்தா. தட்டு அலுமினியம், காந்தம் எங்கை பிடிக்கிறது. அன்ரி சைவக்காரி, திருநீறு இல்லாமல் வெளிக்கிடமாட்டா. அந்தச் சேத்தைத் துடைச்சுப்போட்டு ஒரு சிலுவையும் போட்டா.

"இதுவும் சரிவரேல்லை, என்ன?" எண்டன்.

"ஓம் பிள்ளை. அப்ப மூண்டாவதுதான் நல்லது."

இப்பிடித்தான் ஒரு ஹீற்றர் தெரிவு செய்யப்பட்டது. உலகத்திலை வேறை ஆரும் இப்பிடித் தெரிவு செய்திருப்பினமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. றபர் குழாயைச் சுத்தி நூல் பிடிச்சு, நூலை எனக்கு முன்னாலை அளந்து, தம்பிக்குச் சொன்னா. அவன் அங்கை வாங்கி, ஒரு கலியாணத்துக்கு இஞ்சை வந்த சனத்திட்டைக் குடுத்துவிட்டான். எங்கட ஆக்களைத் தெரியும்தானே. பெட்டியோடை விட்டால் கஸ்ரம்ஸ்காரன் பிடிப்பான் எண்டு பெட்டியைக் கழட்டி, கடதாசியெல்லாம் எறிஞ்சு, சாமானை ஒரு பெனியனிலை சுத்தி, மிளகாய்த்தூள் பைக்கு நடுவிலை வைச்சு விட்டவன். கையிலை எடுத்தால் பளபளவெண்டு ஒரு இரும்புக் குழல், அதிலை இருந்து வயர், முழுக்கத் தும்மல் மணம். நுனியிலை கனடாப் பிளக், ரண்டு தட்டைக் கம்பி. இஞ்சத்தைச் சுவருக்குப் பூராது. அப்பா உடனை அதைக் கத்தரிச்செறிஞ்சுபோட்டு இத்தாலிப் பிளக் பூட்டிக் குடுத்தார். எங்கள் எல்லாருக்கும் பெருமை தாங்கேல்லை.

மலைக் கிராமத்து மெக்கானிக் குழாயை வெட்டிப் பூட்டேக்கை புறுபுறுத்தான், தன்ரை சீவியத்திலை இப்பிடி ஒண்டு காணேல்லையாம். "உனக்கு இது தெரியுமோ?"

வேறை என்ன. "ஸி."

"ரக்ரர் ஓடவும் தெரியுமோ?"

"ஸி." அதுவும் தெரியாது. பனி விழ முதல் ஞாயிற்றுக்கிழமையளிலை மரங்களுக்கு நடுவிலை ஓடிப் பழகி, வாசல் கல்லுத் தூண் ஒண்டைச் சரிச்சு, அதுக்குப் பிறகுதான் தெரியும்.

பூசைக்கு நானும் மேலை போனன், குசினி உதவிக்கு எண்டு. விடியப்புறம் ரக்ரர் கொட்டிலுக்கை நானும் அன்ரியும். மூச்சு விட்டால் புகை. பாதை எங்கை எண்டே தெரியேல்லை, எல்லாம் வெள்ளை. சிஞ்ஞோரா உள்ளுக்கை கறுப்புச் சட்டை போட்டு, தொப்பி வைச்சு, கதிரையிலை ஆயத்தம். அவுக்காத்தோ யன்னலாலை எங்களைப் பாத்தபடி. தம்பி சொன்னது, பிளக்கைச் சுவரிலை குத்திப்போட்டு ரண்டு மூண்டு மணித்தியாலம் விடவேணும் எண்டு. அன்ரி குத்தினா. குத்திப்போட்டு ஒரு வாளியைக் கவிட்டு அதிலை இருந்தா.

சும்மா இருக்க ஏலாமல் கேட்டன். "அன்ரி, இந்த ஓம் போடுற பழக்கம் எப்ப துடங்கினது?"

இந்தமுறை கதையை மாத்தேல்லை. ரக்ரரைப் பாத்தபடி சொன்னா.

"ஊரிலை இருந்து வெளிக்கிட்ட அண்டு மகள் நித்திரை எண்டு நினைச்சன். செருப்புப் போடேக்கை முழிச்சிட்டாள். 'நாளைக்கு வந்திடுவியோ' எண்டாள். ஓம் எண்டன்." வாளி கிறீச்சிட்டுது. "அதுதான் நான் சொன்ன பெரிய ஓம். மிச்சமெல்லாம் சின்னன் பிள்ளை. ஊசி, ரக்ரர், எல்லாம் சின்னன்."

ரக்ரருக்குள்ளை இருந்து ஒரு சத்தம். முதல் மெல்லமா, பிறகு சோத்து உலை கொதிக்கிற மாதிரி, பிறகு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிற மாதிரி. குத்திக் கொஞ்ச நேரம் கூட ஆகேல்லை. ரேடியேற்றர் மூடிக்குள்ளாலை ஆவி சீறுது. வயர் இளகிப் பாம்பு மாதிரி நெளியுது. மிளகாய்த்தூள் கருகிற மணம், சத்தியமா, எனக்கு மூக்கு எரிஞ்சுது.

"அன்ரி, கழட்டுங்கோ. வெடிக்கப் போகுது."

"ஓம்," எண்டா. கழட்டேல்லை. ரக்ரரிலை பாய்ஞ்சேறித் திறப்பைத் திருப்பினா. முக்கிச்சுது, முனகிச்சுது, பிறகு கொட்டில் கூரை அதிரப் பிடிச்சுது. அந்தக் குளிருக்கை, அந்தச் செத்த பிணம். அது பிடிச்ச அதே கணம் சுவரிலை படார். நெருப்பு ஒரு முழம் பாய்ஞ்சுது. பிளக் கறுத்து விழுந்துது. வீடு முழுக்க லைற் போச்சு. உள்ளுக்கை இருந்து சிஞ்ஞோரா சிசிலிப் பாஷையிலை செத்தவர் எல்லாரையும் கூப்பிடுறா.

அவுக்காத்தோ சப்பாத்தும் போடாமல் ஓடி வாறார். கொட்டில் முழுக்கப் புகை. நான் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறன். அவர் என்னைப் பாக்கேல்லை. ரக்ரருக்கு மேலை இருக்கிற அன்ரியைப் பாத்துக் கேக்கிறார், "இது... இப்பிடித்தானோ?"

அன்ரி புகைக்குள்ளை இருந்து, முகத்திலை ஒரு சுருக்கம் இல்லாமல்:

"ஸி. இப்பிடித்தான்."

தகட்டை இறக்கினா, வெளிக்கிட்டா. பாதை திறந்துது. பின்னாலை காரிலை சிஞ்ஞோரா, அரசியாட்டம். பூசைக்கு மணி அடிக்க முதலே முன் வாங்கிலை இருந்தா.

அடுத்த வியாழன் ரெலிபோன் கூண்டு.

"அக்கா, வேலை செய்ததோ?"

"ஓம்."

"நான் ஒரு விசயம் கேக்க மறந்துபோனன். உங்கை கரண்ட் இருநூற்றி இருபது வோல்ற்றோ?"

"ஓம்."

தம்பி நெத்தியிலை அடிச்ச சத்தம் இஞ்சை மட்டும் கேட்டுது. "அக்கா, அது நூற்றிப்பத்துக்குச் செய்தது. பெட்டியிலை பெரிசா எழுதியிருந்தது. நான்தான் பெட்டியை எறிஞ்சனான். நீங்கள் உயிரோடையோ இருக்கிறீங்கள்?"

"ஓம்," எண்டு அன்ரி சொன்னா. அப்பா இண்டைக்கும் சொல்லுறார் பிளக்கிலை பிழை இல்லை எண்டு.

அவுக்காத்தோ சொன்ன சொல்லைக் காப்பாத்தினார், அதுவும் எனக்கு ஷொக்தான். குவெஸ்தூராவுக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார். மலையாலை இறங்கின கிழமையே அன்ரி பலாரோச் சந்தையிலை ஒரு றோஸ் நிறச் சுவெற்றர் வாங்கி வைச்சிட்டா, மகள் வரேக்கை குளிருக்குப் போட எண்டு. அளவு? கையாலை காத்திலை காட்டினா, கடைக்காரன் எடுத்துக் குடுத்தான்.

அலுவல் இழுபட்டு, மகள் வந்தது ஆனி மாசம். ஆபிரிக்காக் காத்து அடிச்சு, எயர்போட் வாசல்லை தார் இளகிச் செருப்பிலை ஒட்டுது. கதவு திறந்து ஒரு பிள்ளை வந்தாள். அன்ரியிலும் பாக்க உயரம். ரண்டு பின்னல், கையிலை ஒரு பை. வந்து எங்களுக்கு முன்னாலை நிண்டாள். அழேல்லை, சிரிக்கேல்லை. அன்ரி கட்டிப்பிடிக்க, பிடிக்கிறதுக்குத் தோதா நிண்டாள், அவ்வளவுதான்.

"பசிக்குதோ?"

"ஓம்."

பாணுக்குள்ளை கத்தரிக்காய் வைச்சதை நீட்டினால், வாங்கிக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறாள்.

"பிளேன்லை பயமா இருந்ததோ?"

"ஓம்."

"பயமில்லாமல் வந்தனியோ?"

"ஓம்."

எனக்கு இந்த ஓமைத் தெரியும். கேள்வி முடிய முதல் வந்து வாசல்லை நிக்கிற ஓம். அன்ரிக்கும் விளங்கியிருக்கவேணும், அவவிலும் பாக்க ஆருக்கு விளங்கும். ஆனால் அவ நிப்பாட்டேல்லை. பைக்குள்ளை இருந்து அந்தச் சுவெற்றரை எடுத்தா.

"குளிருதோ பிள்ளை?"

"ஓம்."

போட்டுவிட்டா. சுவெற்றர்க் கை முழங்கையோடை நிண்டுபோச்சு. அவள் மற்றக் கையையும் நீட்டித் தந்தாள். அந்த வெக்கைக்கை, நெத்தியாலை வேர்வை வழிய, கம்பளிச் சட்டையோடை நிண்டாள். போற வாற ஆக்கள் திரும்பிப் பாக்கினம்.

"நான் ஆரெண்டு தெரியுமோ?"

"ஓம்."

கத்தரிக்காயிலை நடுங்காத கை, புகைக்குள்ளை நடுங்காத கை, அந்தச் சின்னச் சுவெற்றரின்ரை தெறிப் பொத்தானைப் பிடிச்சபடி நடுங்கிக்கொண்டு நிண்டுது. பிறகு மெல்லமா, எனக்குக் கேக்கக்கூடாது எண்ட மாதிரிச் சொன்னா.

"கழட்டு பிள்ளை, வேர்க்குது. இஞ்சை நீ இல்லை எண்டும் சொல்லலாம்."

அவள் "ஓம்" எண்டாள். கழட்டேல்லை.